புலமைக்குப் பரிசா, பிள்ளைக்குத் தண்டனையா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஒரு காட்சியைக் காணலாம். மின்கம்பங்களிலும் மதில்களிலும் சந்திகளிலும் பதாகைகள் தொங்குகின்றன. அவற்றில் பத்து வயதுப் பாலகரின் முகங்கள். முகத்தின் கீழே புள்ளி. புள்ளியின் கீழே அப்பிள்ளையை ஆளாக்கியதாக உரிமை கோரும் தனியார் கல்வி நிலையத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும். பிள்ளையின் பெயரைக் காட்டிலும் நிலையத்தின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். கடை வாசலில் சரக்கின் மாதிரியைத் தொங்கவிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இக்காட்சி நமக்குப் பழகிவிட்டது. பழகிப்போனது என்பதற்காக ஓர் அநீதி நீதியாகிவிடாது. நமது சமுதாயம் அறிவுக்கூர்மை மிக்க தன் பிள்ளைகளை எவ்வாறு நடத்துகின்றது என்பதற்கு அப்பதாகைகளே சாட்சி. கெட்டிக்காரப் பிள்ளையை நாம் வளர்ப்பதில்லை, பந்தயத்தில் ஓட்டுகிறோம். வென்றால் விளம்பரம் செய்கிறோம். தோற்றால் மறந்துவிடுகிறோம். இவ்விரண்டினாலும் கெடுவது பிள்ளை. இதனை ஓர் ஆசிரியை என்ற முறையில் மட்டும் நான் எழுதவில்லை. இக்குற்றத்தில் ஒரு மாத காலம் பங்குகொண்ட தாய் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

பெரியகல்லாறு கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலம். மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. வடக்கே பாலமீன்மடுவில் ஒன்று. தெற்கே எமது ஊரருகே மற்றொன்று. கோடையில் மணல் திரண்டு வாயை அடைத்துக்கொள்ளும். மாரியில் வெள்ளம் பெருகி, மேற்கே படுவான்கரை வயல்கள் நீரில் மூழ்கத் தொடங்கியதும் முகத்துவாரத்தை வெட்டவேண்டும் என்ற கோரிக்கை எழும். வெட்டினால் வெள்ளம் வடியும். ஆயின் வாவியில் வளரும் மீனையும் இறாலையும் நம்பி வாழும் தொழிலாளருக்கு வேறு கவலை உண்டு. எப்போது வெட்டுவது, யாருக்காக வெட்டுவது என்பது இங்கு ஆண்டுதோறும் வரும் வழக்கு.

என் மகள் தரம் 3இல் கற்கிறாள். நான்கு வயதிலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவள். ஒரு மாரியில் இயந்திரம் மணற்றிட்டை வெட்டுவதை வேடிக்கை பார்த்து நின்றபோது அவள் கேட்டாள்: "அம்மா, வெட்டினா மீன் எல்லாம் கடலுக்குப் போயிராதா? வெட்டாட்டி வயல் என்ன ஆகும்? ஆரு சொல்லுற இப்ப வெட்டுங்க எண்டு?" எனக்கு விடை தெரியவில்லை. உழவர், மீனவர், அரசு என்னும் மூன்றையும் ஒரே மூச்சில் தொட்ட கேள்வி அது. பொருளாதாரமும் அரசியலும் அதனுள் அடங்கியிருந்தன. ஒரு பிள்ளையின் கூர்மையை அறிய வேறு சோதனை வேண்டுமா?

ஆயின் உற்றாருக்கும் அயலாருக்கும் அது போதவில்லை. "என்ன டீச்சர், மகள இன்னும் கிளாசுக்கு விடல்லயா? இப்பவே விட்டாத்தானே அஞ்சாம் ஆண்டில தட்டி எடுக்கலாம்" என்று வழியில் காண்போரெல்லாம் கேட்டனர். கேட்டவர்கள் என் நலனை விரும்புவோர். அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. நானும் அஞ்சினேன். பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுகிறேனோ என்ற அச்சம் அது. இறுதியில் ஒரு தனியார் வகுப்புக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் சென்றது. ஒரு மாலையில் நான் அவளுக்கு விண்மீன்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடைமறித்து அவள் கேட்டாள்: "அம்மா, இது சோதனைக்கு வருமா?"

விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. வகுப்பில் அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். சோதனைக்கு வருவதை மட்டும் கேட்கும்படி அங்கு சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் தீயவர் அல்லர். முடிக்கவேண்டிய வினாத்தாள்கள் அவர் முன் குவிந்திருக்கின்றன; எண்பது பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அவரும் அந்த இயந்திரத்தின் ஒரு பற்சக்கரமே. எனினும் 'ஏன்' என்று கேட்ட பிள்ளையை 'வருமா' என்று கேட்கவைக்க ஒரு மாதமே போதுமாக இருந்தது என்றால், இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு பழக்கப்படும் பிள்ளையின் கதி என்னவாகும்?

*

இப்பரீட்சை எவ்வாறு பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். நினைவுகூர்தல் அவசியம்.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நாட்டில் கல்வி இரண்டு சாதியாக இருந்தது. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம். அங்கே படித்தவனுக்குப் பதவி. சுயமொழிப் பாடசாலைக்குக் கட்டணமில்லை. அங்கே படித்தவனுக்குப் பெரிதாக எதுவுமில்லை. உழவனின் மகன் எத்துணை அறிவாளியாயினும் அவன் எல்லையைப் பணமே வரைந்தது. இச்சுவரை உடைக்க முன்வந்தவர் அரசாங்க சபையில் 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரே ஒரு புலமைப்பரிசில் மாணவர். அம்பலாங்கொடையில் படித்துக்கொண்டிருந்த சிறுவனை அவனது கணிதத் திறமை காலி றிச்மண்ட் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. தமக்குத் தற்செயலாகத் திறந்த கதவை எல்லாருக்கும் திறக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். 1943இல் அவரது தலைமையிலான குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவற்றுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தெரிவுசெய்து, விடுதியில் தங்கவைத்து, உணவும் கல்வியும் அளிப்பதற்காகவே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தோன்றிற்று.

செல்வந்தர் இதனை வரவேற்றார்களா? இல்லை. கன்னங்கரா கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோற்கடிக்கவும் பட்டார். ஆயினும் அவர் திறந்த கதவு மூடப்படவில்லை. எமது மாவட்டத்தில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு அக்கதவாக இருந்தது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அந்த வளாகத்திலேதான். அதுவே பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான் தமிழ் கற்றதும் அங்கேதான். ஆதலால் இப்பரீட்சையின் பிறப்பை இகழ எனக்கு உரிமையில்லை. அது மக்களின் உரிமைப் போராட்டத்தில் பிறந்த குழந்தை.

அக்குழந்தையை இன்று யார் வளர்க்கிறார்கள் என்பதே கேள்வி.

*

2024ஆம் ஆண்டு இப்பரீட்சைக்கு நாடெங்கும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் ஏறத்தாழ 51 ஆயிரம். அதாவது ஆறு பிள்ளைகளில் ஒன்று 'வென்றது', ஐந்து 'தோற்றன'. பத்து வயதில், வாழ்வின் வாயிலில் நிற்கும்போதே, 'நீ கெட்டிக்காரன் அல்ல' என்ற தீர்ப்பை இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அரச முத்திரையுடன் வழங்கும் ஏற்பாட்டுக்குப் புலமைப்பரிசில் என்று பெயர்!

அதே ஆண்டு செப்டெம்பர் 15இல் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலிருந்து சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாயின. பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போயிற்று; பெறுபேறுகள் 2025 சனவரியில்தான் வெளிவந்தன. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான வினாத்தாளைக் களவாகப் பெறுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், அவ்வினாத்தாளுக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்றுதானே பொருள்? வறிய பிள்ளைக்கு உதவி தேடித் தொடங்கிய ஒன்று விலைபேசும் பண்டமாக மாறிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

யார் வெல்கிறார்கள் என்று பாருங்கள். தரம் 3 முதலே இரண்டு மூன்று வகுப்புகளுக்கு அனுப்பவும், மாதிரி வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கவும், மாலையில் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கவும் வசதியுள்ள குடும்பத்தின் பிள்ளை ஒரு பக்கம். தந்தை விடியுமுன் வலையோடு போய்விட, தாய் மத்திய கிழக்கில் வேறொருவர் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை மறுபக்கம். இருவரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி, ஒரே தாளைக் கொடுத்து, இதோ சம வாய்ப்பு என்கிறோம். ஓட்டப்பந்தயத்தில் ஒருவனைப் பாதி வழியில் நிறுத்திவைத்துவிட்டு மணியடிப்பது சம வாய்ப்பாகுமா? இன்று இப்பரீட்சை அளப்பது பெரும்பாலும் பிள்ளையின் மூளையை அன்று, பெற்றோரின் பணப்பையையே.

உதவிப்பணமும் அவ்வாறே. குடும்ப வருமானத்தைப் பார்த்தே அது வழங்கப்படுகிறது, நல்லது. ஆயின் அதனைப் பெறுவதற்காகப் பெற்றோர் செலவிடும் தொகையை நோக்க அது மிகச் சிறிது. உண்மையில் எவரும் அப்பணத்துக்காக ஓடவில்லை. பெயர்பெற்ற பாடசாலையின் அனுமதிக்காக ஓடுகின்றனர். நாட்டிலுள்ள ஏறத்தாழ 10 ஆயிரம் அரச பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் 400 அளவிலேயே. பத்தாயிரம் பாடசாலைகளும் நல்ல பாடசாலைகளாக இருந்தால் இப்பந்தயம் ஒரே நாளில் செத்துவிடும். ஆகவே பரீட்சையின் வேர் பரீட்சையில் இல்லை. பாடசாலைகளுக்கிடையே அரசு வளர்த்துவைத்திருக்கும் ஏற்றத்தாழ்விலேயே இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததை மறந்துவிட்டோமா? நாம் பெற்று வந்ததோ 2 சதவீதத்தைச் சுற்றியே. பாடசாலைக்குத் தராத பணத்தைப் பெற்றோரின் மடியிலிருந்து தனியார் வகுப்பு பிடுங்கிக்கொள்கிறது.

*

"தோற்ற பிள்ளைக்காக அழுவது சரி, வெல்லும் பிள்ளைக்கு இதில் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். என் வாதத்தின் மையம் இதுவே. கூர்மையான பிள்ளையே இதில் முதலில் நட்டமடைகிறது.

முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள். நேரம் ஒரு மணி. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இதற்குள் விடைகாணப் பழகுவதென்றால் என்ன? யோசிக்காதிருக்கப் பழகுவது. முன்னர் ஆயிரம் முறை கண்ட வினாவின் சாயலை இனங்கண்டு, கை தானாக விடையை எழுதும்படி செய்வது. இப்பயிற்சி சராசரிப் பிள்ளையைச் சலிப்படையச் செய்கிறது. சிந்திக்கும் பிள்ளையையோ வதைக்கிறது. ஏனெனில் அப்பிள்ளையின் இயல்பே நின்று பார்ப்பது, கிளைவழியிற் போவது, விடையிலிருந்து அடுத்த கேள்வியைப் பறிப்பது. முகத்துவாரத்தை எப்போது வெட்டவேண்டும் என்ற கேள்விக்கு ஒன்றரை நிமிடத்தில் விடை உண்டா?

அறிவை அளக்கும் சோதனைகளின் வரலாறும் நமக்கு எச்சரிக்கையாகவே இருக்கிறது. 1905இல் பிரான்சில் அல்பிரட் பினே இத்தகைய சோதனையை அமைத்தது பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக்கவனம் அளிப்பதற்காக. அது அமெரிக்காவுக்குச் சென்றதும் மனிதரைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,500 மேதைப் பிள்ளைகளைச் சோதனையால் தெரிந்தெடுத்து ஆயுள் முழுவதும் தொடர்ந்து ஆராய ஏற்பாடு செய்தார். அவரது சோதனையில் தேறாமல் விடப்பட்ட இரு சிறுவர் வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். தெரிந்தெடுக்கப்பட்ட ஆயிரத்தைந்நூறு பேரில் ஒருவருக்கேனும் அப்பரிசு கிட்டவில்லை. சல்லடை நெல்லைத் தள்ளிவிட்டது!

தொலைதூரம் போவானேன்? கும்பகோணத்து இராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் தொடக்கப் பரீட்சையில் தம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர். அதே இராமானுஜன் கல்லூரிக்குச் சென்றபின் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தோற்று, உதவிப்பணத்தையும் இழந்தார். முதலாவதாக வந்ததும் அவரது மேதைமையைக் காட்டவில்லை. தோற்றதும் அதனை மறைக்கவில்லை. இரவலாகக் கிடைத்த ஒரு கணித நூலும், அதனோடு தனியே மல்லாடும் ஓய்வும் அவரை ஆக்கின. நமது பிள்ளைகளுக்கு நாம் மறுக்கும் இரண்டு பொருள்கள் இவையே: பாடத்துக்கு அப்பாற்பட்ட நூலும், யாரும் மணியடிக்காத நேரமும்.

எமது ஊரிலிருந்து தெற்கே கல்முனையைக் கடந்து சென்றால் காரைதீவு. 1892இல் அங்கு பிறந்த மயில்வாகனன் ஊரில் தமிழ் கற்றான். கல்முனையில் ஆங்கிலம் கற்றான். மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்துப் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினான். அவன் விஞ்ஞானம் படித்தான் என்பதற்காகத் தமிழை எவரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை. விஞ்ஞானம் கற்பித்த அவரே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பௌதிக அறிவும் பண்ணிசை அறிவும் ஒருவரிடம் கூடியதால் அல்லவா 1947இல் 'யாழ் நூல்' நமக்குக் கிட்டிற்று? சுவாமி விபுலானந்தரின் சிலைக்கு மாலை போடுவதில் நமக்கு இணையில்லை. ஆனால் அத்தகைய பிள்ளை இன்று நம் வகுப்பில் இருந்தால், 'இசையை விடு, கட்டுரையை மனப்பாடம் செய், தாளைச் செய்' என்று நாமே சொல்வோம்.

*

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது வலிமையானது; தட்டிக்கழிக்கத்தக்கதன்று. "ஏழைக்கு இருக்கும் ஒரே ஏணி இதுதான். நீ ஏறிவிட்டாய், இப்போது ஏணியை உதைக்கிறாய்."

ஆம், நான் ஏறினேன். 1999இல் வெட்டுப்புள்ளியைத் தாண்டினேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஊரார் என்னைக் கெட்டிக்காரி என்றனர்; அச்சொல்லின் பலத்திலேயே பல்கலைக்கழகம்வரை நடந்தேன். அதே வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி. தாயோடு மீன் கூடை சுமந்து போய், கொப்பியும் பென்சிலும் இல்லாமல் மனக்கணக்கில் விலை சொல்பவள். கணக்கில் எனக்கு உதவியவள். சில புள்ளிகளால் அவள் தவறினாள். அதன்பின் ஆசிரியர்கள் அவளைப் பார்த்த பார்வையே வேறு. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றது. பின்னர் பணிப்பெண்ணாகக் கடல்கடந்தாள். அவளுக்கும் எனக்கும் இடையே இருந்தது சில புள்ளிகள். அப்புள்ளிகளே ஒருத்தியை வகுப்பறைக்கும் மற்றொருத்தியை அந்நியரின் அடுக்களைக்கும் அனுப்பின.

ஏணி என்கிறீர்களே, ஏறியவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். ஏணியின் அடியில் நிற்பவர்களை யார் எண்ணுவது? இன்று அந்த ஏணிக்கும் கட்டணம் வசூலிக்கப்படுகிறதே, அதை யார் கேட்பது? ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிள்ளையை மேலே தூக்கிவிட்டு, 'பார், திறமையிருந்தால் யாரும் ஏறலாம்' என்று மற்றவர்களின் வாயை அடைக்கும் தந்திரம் இது. ஏறாத ஐந்து பேரும் தம்மையே நொந்துகொள்வர். பாடசாலையை இப்படி வைத்திருப்பவர்களை நோகமாட்டார். ஆளும் வர்க்கத்துக்கு இதைவிட மலிவான காவல் எது?

மாற்று இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பரீட்சை பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது. தொழிலாளர் பிள்ளைகளே பெரும்பாலும் கீழ்ப்பாடசாலையில் தங்கினர் என்பது வெளிப்பட்டதும் எதிர்ப்பு வளர்ந்தது. 1965இல் தொழிற்கட்சி அரசு அனைவருக்கும் பொதுவான பாடசாலைகளை அமைக்குமாறு உள்ளூராட்சிகளைக் கேட்டது. நாட்டின் பெரும்பகுதியில் அப்பரீட்சை மறைந்தது. பின்லாந்து 1970களில் சிறுவயதில் பிரிக்கும் முறையை ஒழித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப் பாடசாலையைக் கட்டியெழுப்பிற்று. அதனால் அங்கே அறிவாளிகள் அருகிப்போயினரா? இல்லை, உலகம் அந்நாட்டின் கல்வியைக் கற்கச் சென்றதையே கண்டோம்.

*

அப்படியாயின் கூர்மையான பிள்ளையைப் பெற்றவர் செய்யவேண்டியது யாது?

முதலாவதாக, அப்பிள்ளை தமது குடும்பத்தின் முதலீடு அன்று என்பதை உணர்தல் வேண்டும். அறிவு, பிள்ளைக்கு இயற்கையும் சமுதாயமும் சேர்ந்து தந்தது. மனித மனம் பிற மனங்களோடு உறவாடியே வளர்கிறது என்று சோவியத் உளவியலறிஞர் வைகோட்ஸ்கி 1930களிலேயே காட்டினார். தனக்குத் தெரிந்ததைத் தெரியாத தோழனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை இரட்டிப்பாகக் கற்கிறது. அப்பிள்ளையை ஊர்ப் பாடசாலையிலிருந்து பிடுங்கி நகருக்குக் கொண்டுபோகும்போது, பிள்ளை தோழரை இழக்கிறது. பாடசாலையோ தன் விளக்கை இழக்கிறது. பின்னர் 'ஊர்ப் பாடசாலை சரியில்லை' என்று குறைகூறுகிறோம். சரியில்லாமல் ஆக்கியதில் நமக்கும் பங்கில்லையா?

இரண்டாவதாக, பிள்ளையின் கேள்விக்கு மதிப்பளித்தல். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல். கற்றவர் என்றால் பட்டம் பெற்றவர் மட்டுமல்லர். காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் பார்த்து மீன் எங்கே என்று சொல்லும் தொழிலாளியும், மண்ணை மோந்து விதைப்புக்காலம் சொல்லும் படுவான்கரை உழவனும் பேராசிரியர்களே.

மூன்றாவது, ஆசிரியர்களாகிய நமக்கு. காலையில் வகுப்பறையில் தூங்கி, மாலையில் தனியார் வகுப்பில் விழித்திருக்கும் ஆசிரியன் தன் மாணவனுக்கு இழைப்பது துரோகம். இதைச் சொல்வதால் சக ஆசிரியர் சிலர் என்மீது சினம் கொள்வர் என்பதை அறிவேன். நமது சம்பளம் போதாது என்பது உண்மை. அதற்காகப் போராடவேண்டிய இடம் தொழிற்சங்கம். ஏழைப் பெற்றோரின் மடி அன்று.

நான்காவது, அரசிடம் நாம் வைக்கவேண்டிய கோரிக்கை. தரம் 5 பரீட்சையைப் பாடசாலை அனுமதிக்கான சல்லடையாகப் பயன்படுத்துவதை நிறுத்துக. உதவிப்பணத்தைப் புள்ளியைப் பாராது வறுமையைப் பார்த்து வழங்குக. ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலைக்கும் நூலகமும், முழுத்தொகை ஆசிரியரும் தருக. வாவிக்கு மேற்கே வெல்லாவெளியிலும் மண்டூரிலும் பிறக்கும் பிள்ளைக்கும் நகரில் பிறக்கும் பிள்ளைக்கும் ஒரே தரமான பாடசாலை கிடைக்கும் நாளில் கன்னங்கராவின் கனவு நிறைவேறும். அதுவரை அது பாதியில் நிற்கும் கட்டடமே.

*

என் மகளை அவ்வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். ஊர்ப் பாடசாலையிலேயே அவள் படிக்கிறாள், படிப்பாள். தரம் 5இல் பரீட்சைக்குத் தோற்றும் நிலை வந்தால் தோற்றட்டும், அதற்காக வாழமாட்டாள். இம்முடிவு எனக்கு எளிதாக இருக்கவில்லை. நாளை அவள் வெட்டுப்புள்ளியைத் தாண்டாவிட்டால், 'டீச்சரின் பிள்ளையே தேறவில்லை' என்று ஊர் பேசும். அப்பேச்சைத் தாங்கும் துணிவு எனக்கு உண்டா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். உண்டு என்று சொல்லவே இதனை எழுதுகிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க இயலாதல்லவா?

முகத்துவாரம் பற்றிய அவளது கேள்வியை நாற்பது ஆண்டுகள் வாவியில் தொழில் செய்த உறவினர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். எங்களோடு அயற்பிள்ளைகள் நால்வர் வந்தனர். அவர்களில் எவரும் 'கெட்டிக்காரர்' என்று பெயரெடுத்தவர் அல்லர். அவர் மணலில் வாவியை வரைந்து, உப்புநீர் எங்கே ஏறும், இறாற்குஞ்சு எப்போது உள்ளே வரும், வயலுக்குள் நீர் எத்தனை நாள் நின்றால் பயிர் அழுகும் என்றெல்லாம் விளக்கினார். "அப்ப ரெண்டு பக்கத்து ஆக்களும் கூடிப் பேசித்தானே வெட்டணும்?" என்று கேட்டது என் மகளல்ல, வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பையன்.

அவனுக்கு எந்தப் பதாகையும் எழாது. எத்தனை மாதிரி வினாத்தாள்களிலும் அவனது கேள்வி இடம்பெறாது. ஆயினும் நாளைய சமுதாயத்தை ஆளத்தக்க அறிவு அக்கேள்வியில் இருந்தது. அந்த அறிவைத் தேடிக் காணத் தெரியாத பரீட்சையை நம்பி நம் பிள்ளைகளை எத்தனை காலம் ஒப்படைக்கப்போகிறோம்? ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, பெற்றோரே! முதலில் தெருவில் தொங்கும் அப்பதாகைகளைக் கழற்றுவோம். பிறகு அவற்றைத் தொங்கவிடச் செய்யும் முறையைக் கழற்றுவோம்.